பன்னிரண்டு குட்டிகளும் ஒரு மேனேஜரும்

லாரி வந்து நின்றபோது ஏழு குட்டிகள் செத்திருந்தன.

ஆட்டுக்குட்டிகளை வாங்க வந்த வியாபாரி லாரியை விட்டு இறங்கவில்லை. என்ஜினையும் அணைக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் நீட்டினார். கொட்டகை வாசலில் ஏழும் வரிசையாகக் கிடந்தன. விற்பனைக்காக முந்தின நாள்தான் குளிப்பாட்டியிருந்தார்கள். கம்பளி ரோமம் இன்னும் பளிச்சென்று இருந்தது.

உள்ளே ஐந்து மிச்சம். இரண்டு குட்டிகள் சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தன. சுவர் நகரும் என்று நம்பியதுபோல் அழுத்தின. ஒன்று வட்டமடித்தது. நிற்காமல், ஒரே திசையில். மற்ற இரண்டும் கால்களை அகட்டி நின்றன. முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் கண் சிமிட்டவில்லை.

"காலி வயித்தோடதானே வச்சிருந்தீங்க?" என்றார் வியாபாரி.

வாளியோடு நின்ற அந்த வீட்டு மருமகள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"ஏதோ நோய். எனக்கு வேண்டாம்." லாரி ரிவர்ஸ் எடுத்தது.

பக்கத்துப் பட்டியில் தாய் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. முந்தின நாள் மதியம் குட்டிகளைப் பிரித்ததிலிருந்து கத்துகின்றன. இன்னும் ஓயவில்லை.

வீட்டின் இளைய மகன் போனை எடுத்துப் போலீஸைக் கூப்பிட்டான்.

*

இன்ஸ்பெக்டருக்கு முப்பது வயதைத் தாண்டி அதிகம் ஆகவில்லை. குறைவாகப் பேசுவார். மனைவி இறந்த பிறகு அது இன்னும் குறைந்துவிட்டது. அந்தக் குறையை ஏட்டு ஈடுகட்டிவந்தார்.

"ஆட்டுக்குட்டி செத்ததுக்கெல்லாம் போலீஸா சார்?" என்றார் ஏட்டு, ஜீப்பிலிருந்து தன் வயிற்றை முதலில் இறக்கியபடி. "காலைல ஒரு டீ கூட இல்ல."

இளைய மகன் வாசலிலேயே காத்திருந்தான். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றான்.

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல சார். கண்ணால பாத்தேன். எங்க அண்ணி."

"என்ன பாத்தீங்க?"

"விடியற நேரம் பல் தேய்க்க வெளிய வந்தேன். அண்ணி வாளியோட கொட்டகைக்குள்ள போறாங்க. வராங்க, திரும்பப் போறாங்க. நாலஞ்சு நடை. கொஞ்ச நேரத்துல குட்டிங்க ஒண்ணொண்ணா விழுது."

"தண்ணி காட்டறது குத்தமா?"

"அந்த வாளியை மோந்து பாருங்க."

இன்ஸ்பெக்டர் மோந்தார். உண்ணி மருந்து. மூக்கில் ஏறும் நெடி.

"அவங்களுக்கு என்ன லாபம்?"

"அண்ணி டவுன்ல வளந்தவங்க. இந்தச் சாணியும் சகதியும் அலுத்துப் போச்சு. ஆடு போயிட்டா அண்ணனைக் கூட்டிட்டுப் போயிடலாம்ல?"

"ஆட்டை வித்துட்டு நிலத்தைக் கிடங்கு கட்ட வாடகைக்கு விடணும்னு நீங்கதான் சொல்லிட்டிருந்தீங்களாம்."

அவன் முகம் சிவந்தது. "விக்கணும்னு சொன்னேன் சார். சாகணும்னு சொல்லல."

விஷயம் இதுதான். நிலமும் ஆடும் அம்மாவின் பெயரில். ஆடு வேண்டாம் என்பது இளையவன் கட்சி. ஆட்டை விடக்கூடாது என்பது மருமகளின் பிடிவாதம். மூத்தவனுக்கு, அதாவது அவள் கணவனுக்கு, வாய் கிடையாது. இதுவரை வந்த வியாபாரிகள் கண்ணால் பார்த்து ஒரு விலை சொல்வார்கள். மருமகள் அலைந்து திரிந்து, எடை போட்டு வாங்கும் ஒரு ஆளைப் பிடித்தாள். அம்மா ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லியிருந்தாள்: இந்த ஒரு லோடு நல்லபடியாகப் போனால் ஆடு நிற்கும், போகாவிட்டால் சின்னவன் சொன்னபடி.

லோடு போகவில்லை.

*

கொட்டகை நீளமானது. ஒரு பக்கச் சுவரோடு மரத்தால் செய்த தீவனத் தொட்டி. அதற்கு மேலே சின்ன ஜன்னல் ஒன்று, சமையலறைப் பின்வாசலைப் பார்த்து. வீட்டுக்குள் இருந்து வருகிறவர் கொட்டகைக்குள் கால் வைக்காமல் அதன் வழியாகத் தீவனம் கொட்டிவிட்டுப் போகலாம். தண்ணித் தொட்டி எதிர்க்கோடியில், தூணுக்குப் பின்னால். ஜன்னலில் நின்றால் அது தெரியாது. இப்போது அது முக்கால்வாசி நிறைந்திருந்தது.

மாட்டு டாக்டர் முழங்கை வரை ரத்தத்தோடு எழுந்து நின்றார்.

"விஷம்தான்னு எல்லாரும் சொல்றாங்க. என்ன விஷம்னு சொல்லுங்க, முறிவு மருந்து போடறேன். குடலை லேபுக்கு அனுப்பிட்டேன். ரிசல்ட் நாளைக்குத்தான் வரும். இந்த அஞ்சும் அதுவரைக்கும் தாங்காது."

"உண்ணி மருந்து?"

"நானும் அதைத்தான் நினைச்சேன். ஆனா உண்ணி மருந்துன்னா வாயில எச்சில் கொட்டும். இதுங்களுக்கு ஒழுகவே இல்ல. வயித்தைத் திறந்தா தண்ணி. குடம் குடமா தண்ணி. கண்ணும் தெரியல." அவர் ஒரு பாட்டிலை ஆணியில் தொங்கவிட்டார். "எந்த விஷமா இருந்தாலும் கழுவி விட்டுருவோம்னு ட்ரிப்ஸ் ஏத்தறேன். குழாய் வச்சு வாய் வழியாவும் தண்ணி விடணும்."

அப்போது கொட்டகைக்குள் ஒரு குட்டி நொண்டிக்கொண்டு வந்தது. பின்னங்கால் ஒன்று சூம்பியிருந்தது. கழுத்தில் சிவப்பு ரிப்பன். நேராகத் தீவனத் தொட்டிக்குப் போய், காலியான மரத்தை நக்க ஆரம்பித்தது. ஏட்டு விரட்டினார். போனது. திரும்பி வந்தது. மறுபடியும் நக்கியது.

"இது யாரு?"

"மேனேஜர்," என்றான் மூத்தவன். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை. "தாய் சேத்துக்கல. என் வீட்டுக்காரிதான் பாட்டில்ல பால் குடுத்து வளத்தா. ராத்திரி வீட்டுக்குள்ள படுக்கும். ஒரு வேலையும் செய்யாது. எல்லா ரூமுக்குள்ளயும் வந்து எட்டிப் பாக்கும். அதான் மேனேஜர்."

"எங்க ஆபீஸ்லயும் ஒருத்தர் இருக்காரு," என்றார் ஏட்டு. பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்துவிட்டு, "உங்களைச் சொல்லல சார்."

"பாத்தீங்களா சார்?" இளையவன் உள்ளே புகுந்தான். "அது மட்டும் கல்லு மாதிரி இருக்கு. அண்ணி வளத்த குட்டியாச்சே. அதுக்கு மட்டும் குடுத்திருக்க மாட்டாங்க."

மேனேஜர் தொட்டியை விட்டு வாளிக்கு வந்தது. அடியில் மிச்சமிருந்த தண்ணீரை உறிஞ்சிக் குடித்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் தொட்டிக்குப் போனது.

இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்தார். குறித்தும் வைத்தார். ஆனால் மேலே யோசிக்கவில்லை. தாய் ஆடுகள் கத்திக்கொண்டே இருந்தன. எதையும் கோர்வையாக யோசிக்க விடாத சத்தம்.

*

மருமகள் கொட்டகைக் கதவில் சாய்ந்து நின்றாள். இருபத்தைந்து இருக்கும். சட்டைக் கை இரண்டும் ஈரம்.

"இன்னிக்குக் காலைல தண்ணி வச்சீங்களா?"

"இல்ல சார்."

"வாளியோட பாத்திருக்காங்க."

"நான் வைக்கல."

"வாளியில உண்ணி மருந்து."

"அது போன வாரம் மருந்து கலக்கின வாளி. நல்லாக் கழுவிட்டேன். நெடி போகல."

"கழுவின வாளியில தண்ணி எடுத்துட்டுப் போகல?"

"இல்ல."

"தொட்டி நிறைய இருக்கு. யார் ரொப்பினது?"

பக்கத்தில் நின்ற கணவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

பொய் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

*

"முதல்ல வந்து சாப்பிடுங்க. உங்க விசாரணை எங்கயும் ஓடிப் போயிடாது," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. வீட்டுக்காரம்மா. மாமியார். மேசையைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். இரண்டு முட்டியும் போய்விட்டது. கொட்டகைப் படி இறங்கி ரொம்பக் காலம் ஆகிறது. வாய் மட்டும் தோட்டத்துக் கோடி வரைக்கும் போய்வரும்.

மருமகள் விடியற்காலையில் அடுப்பில் ஏற்றிவிட்டுப் போயிருந்த காய்கறி சூப். ரொட்டி.

"பூட்ஸோட வந்தாச்சா? தரையை யாரு துடைக்கிறது, கவர்மென்டா?" இது ஏட்டுக்கு. "இது என்ன, ரொட்டியா செங்கல்லா? இவ ரொட்டி வெட்டினா வீடு கட்டலாம்." இது மருமகளுக்கு. "ஸ்பூனைப் பாரு, விளக்கின லட்சணத்தை." இது பொதுவாக உலகத்துக்கு.

முட்டி வலி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு, அவளும் ஒரு கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். டாக்டர் கை கழுவ முடியாது என்று வரவில்லை. மகன்கள் இருவரும் சாப்பாடு வேண்டாம் என்றார்கள். ஏட்டு ஆசையோடு இரண்டு ஸ்பூன் எடுத்தார். பிறகு கிண்ணத்தை மெல்லத் தள்ளி வைத்தார். "வயிறு சரியில்லம்மா." ரொட்டியை மட்டும் தின்றார்.

இன்ஸ்பெக்டர் முழுக் கிண்ணத்தையும் குடித்தார். சமீப காலமாக அவர் எல்லாவற்றையும் முழுசாகத்தான் சாப்பிடுகிறார். என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் தெரியாது.

"மருமக மேல உங்களுக்குச் சந்தேகம் இருக்கா?"

"அவளுக்குப் பாலைப் பொங்காமக் காய்ச்ச வராது. விஷம் வைக்கப் போறாளாக்கும்."

"அப்ப யாரு?"

"நான் போலீஸா நீங்க போலீஸா?"

"ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"கத்திச்சு. விடிய விடியக் கத்திச்சு. பால் மறக்கடிக்கன்னு தாய்கிட்டேருந்து பிரிச்சிருக்கோம், கத்தாம? உங்களைப் பிரிச்சா நீங்க கத்த மாட்டீங்க?"

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. பிறகு எழுதியது.

"இந்த லோடு போகலன்னா ஆட்டை வித்துடறதா சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"விப்பீங்களா?"

அவள் கிண்ணத்தில் ஸ்பூனைப் போட்டுச் சுற்றினாள். "சொன்ன சொல்லு சொன்னதுதான்."

மேனேஜர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

*

முற்பகல். வேறு வழி தெரியவில்லை. வாளியோடு பார்த்த சாட்சி இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. குடித்த குட்டிகள் செத்துக் கிடக்கின்றன. கேட்டால் பொய் சொல்கிறாள். இன்ஸ்பெக்டர் மருமகளை ஜீப்பில் ஏறச் சொன்னார்.

அவள் அழவில்லை. "அந்த அஞ்சையும் யார் பாத்துப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மூத்தவன் ஓடி வந்தான். கையில் அவள் செருப்பு. அவள் வெறுங்காலோடு ஏறியிருந்தாள். செருப்பை ஜீப்புக்குள் வைத்தான்.

வாசலிலிருந்து மாமியார் கத்தினாள். "ஏய், ஸ்வெட்டரை எடுத்துட்டுப் போடி. அங்க போய் சளி புடிச்சுட்டு வந்து என் உயிரை வாங்காத."

அவள் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

ஜீப் மண் சாலையில் குலுங்கியது. தாய் ஆடுகளின் சத்தம் கூடவே வந்தது. இவ்வளவு தூரம் கேட்குமா, காதுக்குள்ளேயே தங்கிவிட்டதா என்று தெரியவில்லை.

ஏட்டுக்கு அமைதி ஆகாது. "சார், தப்பா நினைக்காதீங்க. அந்த சூப்பை எப்படி சார் முழுசாக் குடிச்சீங்க?"

"ஏன்?"

"உப்பே இல்ல சார். ஒரு கல்லு உப்பு கூட இல்ல. வெந்நீர்ல காயை முக்கின மாதிரி."

இன்ஸ்பெக்டர் யோசித்துப் பார்த்தார். சூப்பின் ருசி எதுவும் நினைவில் இல்லை. சூடாக இருந்ததா என்பதுகூட.

பின்சீட்டிலிருந்து மருமகள் சொன்னாள், யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல: "உப்பு ஜாடி காலியா இருந்துச்சு. அப்புறமா சாமான் அறையிலேருந்து எடுத்துப் போடலாம்னு விட்டுட்டுப் போனேன். அதுக்குள்ள குட்டி விழுந்துடுச்சு."

"ஜாடி எவ்வளவு பெருசு?"

"முழங்கால் உயரம். கல்லுப்பு. முந்தாநாள்தான் ரொப்பினேன்."

ஏட்டு சிரித்தார். "முழங்கால் உயர ஜாடி ரெண்டு நாள்ல காலியா? உங்க வீட்ல சமையல் பண்றீங்களா, ஊறுகா கம்பெனி நடத்தறீங்களா?"

ஜீப் நின்றது. ஏட்டு முன்கண்ணாடியில் முட்டிக்கொள்ளப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் பின்பக்கம் திரும்பினார். "இப்ப கேக்கறதுக்கு உண்மையைச் சொல்லணும். அந்த அஞ்சு குட்டியோட உயிர் இதுல இருக்கு. விடியக்காலைல தண்ணி வச்சீங்களா?"

அவள் காலடியில் கிடந்த செருப்பைப் பார்த்தாள்.

"வச்சேன் சார்."

"ஏன் மறைச்சீங்க?"

"காலி வயித்துலதான் எடை போடுவேன்னு வியாபாரி கண்டிஷன். இரையும் கூடாது, தண்ணியும் கூடாது. நேத்து மதியமே தண்ணித் தொட்டியைக் கவுத்து வச்சுட்டேன். சாயந்திரம் வர வேண்டிய லாரி காலைலதான் வரும்னு சொல்லிட்டாங்க. ராத்திரி பூரா கத்திச்சுங்க. தாயைத் தேடுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்குப் படுக்க முடியல. விடியும்போது மனசு கேக்கல. தொட்டியை நிமித்தி வாளி வாளியா ஊத்தினேன். அப்படிக் குடிச்சு நான் பாத்ததே இல்ல சார். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குடிச்சுச்சு." அவள் ஈரச் சட்டைக் கையைப் பார்த்தாள். "வியாபாரிகிட்ட பேச்சு மாறினது நான். என்னால செத்துடுச்சோன்னு..."

"தொட்டியைக் கவுத்தது வீட்ல யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அத்தை கேட்டா, வாயில்லாத ஜீவனைத் தண்ணி இல்லாமப் போடறியான்னு திட்டுவாங்க."

இன்ஸ்பெக்டர் ஜீப்பைத் திருப்பினார். வந்ததைவிட வேகமாக.

*

கொட்டகையில் நான்காவது ட்ரிப்ஸ் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் ஒரு குட்டியின் வாயில் குழாயைச் செருகப் போனார்.

"டாக்டர், தண்ணியை நிறுத்துங்க."

"ஏன்?"

இன்ஸ்பெக்டர் தீவனத் தொட்டியை நோக்கி நடந்தார். மேனேஜர் அங்கேதான் இருந்தது, மரத்தின் இடுக்கை நக்கியபடி. நக்கி நக்கி மரம் பளபளத்தது. நாக்கு எட்டாத மூலையில் வெள்ளையாகப் படிந்திருந்தது. காலையில் அதைச் சுண்ணாம்பு என்று நினைத்து விட்டிருந்தார்.

"ஏட்டு, இதை நக்கிப் பாருங்க."

"நானா? சார், விஷமா இருந்தா?"

"மேனேஜர் காலைலேருந்து நக்குது."

"மேனேஜர் ஆடு சார். எனக்குப் பொண்டாட்டி புள்ளை இருக்கு."

முணுமுணுத்துக்கொண்டே விரலால் தொட்டு, நாக்கு நுனியில் வைத்தார். முகம் சுருங்கியது. "உப்பு சார். சூப்புல போடாத உப்பெல்லாம் இங்கதான் இருக்கு."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கையிலிருந்த ரத்தம் நெற்றியில் ஒட்டியது. ஆணியிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினார். அடுத்ததை. அதற்கடுத்ததை. "எல்லாரும் விஷம் விஷம்னு சொன்னீங்க, நானும் விஷத்தையே தேடிட்டு இருந்தேன். உப்பைத் தின்னுட்டு ராத்திரி பூரா தண்ணி இல்லாம இருந்திருக்கு. மூளை வத்திப் போயிருக்கும். அதுக்கு மேல ஒரே மூச்சுல தண்ணி குடிச்சா மூளை ஊதிக்கும். கண்ணு போகும், சுவத்துல முட்டும். நான் வேற மேல மேல தண்ணி ஏத்திட்டு இருக்கேன்!" பையைக் கவிழ்த்து ஊசியைத் தேடினார். "பொழைக்க வைக்கலாம். கொஞ்சமாத்தான் தண்ணி காட்டணும். ஒரு மடக்கு, விட்டு ஒரு மடக்கு."

இளையவன் கதவருகே வந்து நின்றான். "உப்பை யாரு வச்சது? அதுவும் அண்ணிதானே?"

"இல்ல. உப்பு வைக்கறது தண்ணி குடிக்க வைக்கத்தான். அவங்க வச்சிருந்தா தண்ணித் தொட்டியைக் கவுத்திருக்க மாட்டாங்க. கவுத்திருந்தா உப்பு வச்சிருக்க மாட்டாங்க. உப்பு வச்சவருக்குத் தண்ணி இல்லாதது தெரியாது. தண்ணியை நிறுத்தினவருக்கு உப்பு வச்சது தெரியாது." இன்ஸ்பெக்டர் சின்ன ஜன்னலைக் காட்டினார். "உள்ள வந்திருந்தா கவுந்த தொட்டி கண்ணுல பட்டிருக்கும். வரல. வர முடியாத ஆளு. அதோ அங்க நின்னு கொட்டியிருக்காங்க. அங்கேருந்து பாத்தா தண்ணித் தொட்டி தெரியாது."

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் மாமியார் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இன்னிக்குக் காலைல ஒரு மேசைல உக்காந்து சாப்பிட்டோம்," என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க ரொட்டியைக் குறை சொன்னீங்க. ஸ்பூனைச் சொன்னீங்க. ஏட்டோட பூட்ஸைச் சொன்னீங்க. இந்த வீட்ல குறை சொல்றதுக்குன்னே இன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, சூப்புல உப்பு இல்ல. அதை மட்டும் சொல்லல. நீங்களும் அதே சூப்பைத்தான் குடிச்சீங்க. உப்பு ஏன் இல்லன்னு தெரிஞ்ச ஒருத்தர்தான் அப்படிச் சும்மா இருக்க முடியும்."

"நீங்களும்தான் சொல்லல," என்றாள் அவள்.

"ஆமா. நான் கவனிக்கல. அதனாலதான் உங்க மருமகளை ஜீப்ல ஏத்தினேன்."

அவள் ஜன்னல் வழியாக, செத்துக் கிடந்த குட்டிகளைப் பார்த்தாள்.

"உப்பு திங்காத ஆடு எங்கயாவது உண்டா? இவங்க அப்பா இருந்த காலத்துலேருந்து செய்யறதுதான். வியாபாரி வர்றதுக்கு முந்தின சாயந்திரம் தவிட்டுல உப்பைக் கலந்து வைப்போம். விடிய விடியத் தண்ணி குடிக்கும். காலைல வயிறு பானை மாதிரி நிக்கும், விலை கூடும். எத்தனை லோடு போயிருக்கு, ஒண்ணு செத்ததில்ல. உப்பு கொல்லும்னு எனக்கு எப்படிப்பா தெரியும்? விஷம்னீங்க. நானும் எவன் வச்சான்னுதான் உக்காந்து யோசிச்சேன்."

"தண்ணித் தொட்டியை நேத்து மதியமே கவுத்துட்டேன் அத்தை," என்றாள் மருமகள்.

"எதுக்குடி?"

"காலி வயித்துல எடை போடணும்னு கண்டிஷன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"திட்டுவீங்க."

"திட்டினா செத்தா போயிடுவ?" என்று சீறினாள். பிறகு தன் வார்த்தையே தன் காதில் விழுந்தது. ஏழு குட்டிகள் வாசலில் கிடந்தன. குரல் இறங்கியது. "நானும் சொல்லல. சொன்னா ஏமாத்து வேலைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுப்ப."

"ஏன் அத்தை செஞ்சீங்க?"

பக்கத்துப் பட்டி மட்டும் கத்தியது.

"ஒரு லோடு பாக்கலாம்னு சொன்னது நான். நாலு பேர் முன்னாடி சொல்லிட்டேன், மாத்த முடியாது. அதுல நீ தோத்துட்டா ஆட்டை விக்கணும். நீ மூட்டை கட்டிடுவ." ஜன்னல் விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. "நீயும் போயிட்டா அப்புறம் நான் யாரைத் திட்டறது?"

மருமகள் அப்போதுதான் அழுதாள்.

இளையவன் தொண்டையைச் செருமினான். "சார், கேஸு..."

"என்ன கேஸ்? உப்பு வச்சதுக்கா, தண்ணி வச்சதுக்கா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணி..." என்றான். போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, ஏழுக்கும் குழி வெட்டத் தோட்டத்துக்கு நடந்தான். மூத்தவன் பின்னாலேயே போனான்.

*

சாயங்காலம். ஐந்தில் ஒன்று போய்விட்டது. நான்கு தப்பின. வட்டமடித்த குட்டி நின்றுவிட்டது. கையை ஆட்டினால் கண் சிமிட்டியது.

யாரோ ஒரு நாற்காலியைக் கொட்டகைக்குள் போட்டிருந்தார்கள். மகன்கள் இருவரும் அம்மாவைத் தூக்கி வந்து அதில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் மடியில் ஒரு குட்டியின் தலை. மருமகள் கையில் பால் பாட்டில், அதில் தண்ணீர். ஒரு மடக்கு. விட்டு ஒரு மடக்கு.

"சாய்ச்சுப் புடிடி. மூக்குல ஏறிடப் போவுது. பாட்டில் புடிக்கக்கூடவா படிப்பு சொல்லித் தரல?"

"புடிச்சிருக்கேன் அத்தை."

"கிழிச்ச. அடுத்த ஈத்துக் குட்டிங்களுக்கு இரை, தண்ணி எதுன்னாலும் என்கிட்ட கேட்டுட்டுச் செய்."

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். "அடுத்த ஈத்து?"

"காது கேக்கலையா? குட்டியைப் பாரு."

"நீங்களும் என்கிட்ட கேட்டுட்டுச் செய்யணும்."

"வாயைப் பாரு வாயை."

மேனேஜர் வந்து இருவரையும் பார்வையிட்டது. திருப்தியோ என்னவோ, போய்விட்டது.

ஜீப்பில் ஏட்டு கொட்டாவி விட்டார். "சார், ஹோட்டல்ல நிறுத்தலாமா? நான் டேஸ்ட் பாத்துட்டுச் சொல்றேன்."

"வேண்டாம். வீட்ல முட்டை இருக்கு."

ஏட்டு அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர் வீட்டில் சமைத்து ஏட்டு கேள்விப்பட்டதில்லை.

வீடு திரும்பி, இன்ஸ்பெக்டர் முட்டையை அவித்தார். உரித்தார். நின்றபடியே சாப்பிடப் போனார். பிறகு அலமாரியைத் திறந்தார். உப்பு டப்பா இரண்டாம் தட்டில் இருந்தது. அவர் வைத்த இடம் இல்லை அது. திறந்தார். உப்பு கல்லாக இறுகியிருந்தது. நடுவில் மனைவி கடைசியாக வைத்த ஸ்பூன், பாதி புதைந்து. ஆட்டிப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு முறை ஆட்டவில்லை.

ஸ்பூனைச் சுற்றி நகத்தால் சுரண்டினார். கொஞ்சம் உதிர்ந்தது. முட்டையில் தூவிக் கடித்தார்.

கரித்தது.

அங்கேயே நின்று, மெதுவாக, முழு முட்டையையும் தின்றார்.